பூஞ்சைப்போலி: சொல்லும் பொருளும்

ஆடி மாதத்தில் நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் மூட்டம் இறங்கி நாலு நாள் நின்றால் உருளைக்கிழங்கு போட்டவர்களுக்குப் பயம் வந்துவிடும். இலை ஓரத்தில் நீர்கோத்த கரும்புள்ளி, திருப்பிப் பார்த்தால் அடியில் மெல்லிய வெள்ளைப் படிவு. "கருகல் விழுந்துருச்சு" என்பார்கள். அது என்ன என்று கேட்டால் "பூஞ்சை நோய்" என்று பதில் வரும். அந்த வெள்ளைப் படிவு பார்வைக்குத்தான் பூஞ்சை, பிறப்பில் அல்ல. இதையும் இதன் கூட்டாளிகளையும் தமிழில் பூஞ்சைப்போலி என்று அழைப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

முதலில் பூஞ்சை. ஊறுகாய் ஜாடியில் வெள்ளை படிந்தால் "பூத்துப்போச்சு" என்கிறோம். பூஞ்சணம், பூஞ்சாணம், பூசணம் என்று இந்தச் சொல்லுக்குப் பல வடிவங்கள். எல்லாமே மேலே படிந்து மூடுவதைக் குறிப்பவை. மங்கிய பார்வையைப் பூஞ்சைக் கண் என்றும் வலுவற்ற உடம்பைப் பூஞ்சை உடம்பு என்றும் சொல்வதுண்டு. ஆக இது தோற்றத்தைச் சொல்லும் சொல். அறிவியல் இதை ஒரு வம்சத்துக்கே பெயராக எடுத்துக்கொண்டபோதுதான் சிக்கல் வந்தது.

உண்மைப் பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கும், வண்டின் ஓட்டில் உள்ள அதே பொருள். கருகலை உண்டாக்கும் ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸின் சுவரிலோ குளுக்கான்களும் செல்லுலோஸும்தான் முக்கியம். இலைமேல் ஈரம் நின்றால் அதன் வித்துகள் சாட்டை போன்ற இரண்டு கசையிழைகளால் நீந்தும். ஒன்று வழவழப்பானது, மற்றொன்றில் நுண்மயிர் அடர்ந்திருக்கும். பழுப்புப் பாசிகளின் நீந்தும் செல்களிலும் இதே ஜோடிதான். மரபணு ஆய்வும் அதையே சொல்கிறது: மன்னார் வளைகுடாவில் வளரும் சர்காசம் என்ற பழுப்புப் பாசிதான் இதற்கு நெருங்கிய சொந்தம், சோலைக்காட்டுக் காளான் தூரத்து உறவு. பழைய தாவரவியலார் இவற்றை ஃபைக்கோமைசீட்ஸ் என்ற பிரிவில் வைத்தார்கள். கிரேக்கத்தில் அதற்குப் 'பாசிப்பூஞ்சை' என்று பொருள். அந்தப் பிரிவு பின்னால் கலைந்துவிட்டது, ஆனால் அந்தப் பெயரில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது.

1845-இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளியது இந்த உயிர்தான். 1876-இல் ஜெர்மன் தாவரவியலார் ஆன்டன் டி பாரி வைத்த ஃபைட்டோஃப்தோரா என்ற பெயருக்குச் 'செடியழிப்பான்' என்று பொருள். 1870-களில் அது நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் முதலில் பதிவானதே இங்கேதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விவசாயி கேட்கலாம். மருந்து இருக்கிறது. உண்மைப் பூஞ்சை தன் செல்சவ்வுக்கு எர்கோஸ்டிரால் என்ற பொருளைத் தயாரிக்கும். அந்தத் தயாரிப்பைத் தடுத்துக் கொல்பவை அசோல் வகை மருந்துகள். ஃபைட்டோஃப்தோரா அதைத் தயாரிப்பதே இல்லை, அதனால் அசோலை எத்தனை முறை அடித்தாலும் கருகல் நிற்காது. மறுபக்கம், மெட்டலாக்சில் என்ற மருந்து இந்தப் போலிகளிடம் வேலை செய்யும், உண்மைப் பூஞ்சையிடம் பலிக்காது. கடையில் இரண்டுக்கும் 'பூஞ்சைக்கொல்லி' என்ற ஒரே பெயர். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

பாசியின் கதையும் இதேதான். பச்சை, பசலை (பிரிவில் மேனி வெளிறுவது), பாசிப்பயறு எல்லாம் ஒரே வேர். குறுந்தொகை 399-இல் பரணர் ஊருணியின் பாசியையும் காதலியின் பசலையையும் ஒன்றாக வைத்தார்: தொடத் தொட விலகும், விட விடப் பரவும். உவமைக்குள்ளே வேர்ச்சொல் உறவும் இருப்பது எவ்வளவு அழகு! ஆனால் நிறத்தை வைத்துப் பிறந்த சொல் நிறம் மாறும்போது தடுமாறும். தேயிலையில் செந்துரு என்கிற நோய் துருப்பூஞ்சை அல்ல, செஃபாலியூரோஸ் என்ற பச்சைப்பாசி. கரோட்டின் நிறமி பச்சையத்தை மறைப்பதால் செம்மஞ்சளாகத் தெரிகிறது. தாண்டிக்குடிப் பக்கம் காப்பியில் வரும் இலைத்துருவோ அசல் பூஞ்சை. இரண்டும் துரு, உறவே கிடையாது. நீலப்பச்சைப் பாசி என்பதோ பாசியே அல்ல, பாக்டீரியா.

சரி, இவற்றில் எது எங்கே சேரும்? விலங்கு, தாவரம், பூஞ்சை மூன்றிலும் அடங்காத, செல்லுக்குள் உட்கரு உள்ள உயிர்களைக் குறிக்க, ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866-இல் உருவாக்கிய புரோட்டிஸ்டா என்ற பெயர் கைகொடுக்கும். 'முதன்முதலானவை' என்று பொருள், முதலுயிரி என்று தமிழில் சொல்லலாம். ஆனால் அது ஒரே வம்சம் அல்ல, மிச்சம் இருந்ததையெல்லாம் போட்ட மூட்டை. அதற்குள் பூஞ்சை வேடம் போடுபவை பூஞ்சைப்போலிகள். ஃபைட்டோஃப்தோராவும், நாற்றங்காலில் நாற்றை அழுகவைக்கும் பித்தியமும் நீர்ப்பூஞ்சைகள். மழைக்குப் பிறகு சோலையில் மட்கிய மரத்தின்மேல் மஞ்சளாக ஊர்ந்து பாக்டீரியாவைத் தின்னும் சளிப்பூஞ்சை அமீபாவின் இனம்.

போலி என்றால் மோசடி என்று தோன்றலாம். இலக்கணத்தில் அப்படி இல்லை. அறம் என்பது அறன் ஆவதுபோல, ஓர் எழுத்து நின்ற இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்று அதே வேலையைச் செய்வதற்குப் பெயர் போலி. வேறு வம்சம் பூஞ்சையின் இடத்தில் நின்று பூஞ்சையின் பிழைப்பைப் பிழைப்பதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், ஊட்டி மார்க்கெட்டில் மசாலாச் சாமானோடு விற்கும் கல்பாசி. அதன் உடம்பில் பெரும்பங்கு அசல் பூஞ்சை, உள்ளே அதற்குச் சோறு சமைக்கும் பச்சைப்பாசி. அந்த ஒன்றில் பூஞ்சை, பாசி என்ற இரண்டு சொல்லும் பொருந்தும்.