செக்சம்: கணக்கு இடிக்கிறது

கோத்தகிரியில் மழைக்குக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு சாயங்காலம், எஸ்எஸ்டியில் இருந்த வீடியோ ஒன்று பாதியில் நின்றது. கர்னல் (கணினி இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவில் 'செக்சம் எர்ரர்'. "டிஸ்க் செத்துடுச்சுண்ணா" என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அதில்லை.

'செக்' சதுரங்கத்திலிருந்து வந்தது, மூலம் பாரசீக 'ஷா', அதாவது அரசன். 'சம்' லத்தீன் 'சும்மா', உச்சி என்று பொருள். ரோமர்கள் கூட்டிய தொகையை மேலே எழுதினார்களாம். நம்ம சும்மா வேறு!

கொழுந்து எடை போடுகிற இடத்தில் பை பையாகக் குறித்துக் கூட்டுவார்கள். ஃபேக்டரியில் மறுபடி போடும்போது 12 கிலோ குறைந்தால் (ஈரத்துக்குக் கழிப்பது தனிச் சண்டை) கணக்கு இடிக்கிறது, அவ்வளவுதான் தெரியும். வழியில் சிந்தியதா, தராசு தப்பா என்று தொகை சொல்லாது. செக்சமும் அப்படித்தான், எழுதும்போது ஒரு எண்ணைக் குறித்து வைத்து, வாசிக்கும்போது திரும்பக் கணக்கிட்டு ஒப்பிடுகிறது.

ஆனால் வெறும் கூட்டல் போதாது. 37, 42 இரண்டும் இடம் மாறினாலும் கூட்டினால் அதே 79. அதனால்தான் கணிதவியலாளர் பீட்டர்சன் 1961இல் முன்வைத்த சிஆர்சி என்கிற செக்சம் முறை, வகுத்து வரும் மீதியை வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் கோப்புகளை டிஸ்கில் அடுக்கிவைக்கிற பிடிஆர்எஃப்எஸ் வழக்கமாக 4096 பைட்டுக்கு இப்படி 4 பைட் வைக்கும்.

ஆகவே செக்சமைத் தமிழில் 'சரிபார்ப்புக் கூட்டுத்தொகை' என்பது சொல்லுக்குச் சொல் சரி, விஷயத்துக்குச் சரியில்லை. 'சரிபார்ப்புத் தொகை' போதும். வினைத்தொகையில் காலம் தொக்கி நிற்கிற மாதிரி, 4096 பைட்டும் அந்த நாலுக்குள் தொக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாமே.

சரி, என் டிஸ்க். முதலில் அதில் எழுதுவதை நிறுத்தினேன். ரிப்பேர் கட்டளையைத் தொடவே இல்லை, அவசரப்பட்டால் இருப்பதும் போகும். டிடிரெஸ்க்யூ என்கிற மீட்பு மென்பொருளை வைத்து வேறு டிஸ்கில் முழுப் பிரதி எடுத்தேன். வாசிக்க முடியாத இடம் ஒன்றுகூட இல்லை, அதனால் சந்தேகம் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) பக்கம் போனது. ராத்திரி முழுக்கச் சோதனை ஓடவிட்டதில் இரண்டு ரேம் குச்சியில் ஒன்று பழுது என்று மாட்டியது. கழற்றிவிட்டுப் பிரதியைப் புதிதாக எடுத்து, அப்புறம் அந்த வீடியோவைத் திறந்தேன், கடைசிவரை ஓடியது. தராசுதான் தப்பு.