பழைய கிட்டார் கம்ப்ரஸர் பெடல் இரையுதா? ஐசில கைய வைக்காதீங்க

கிட்டார் எஃபெக்ட் பெடல் ரிப்பேர் பண்ற எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் இதுதான், நல்லா இருந்த பழைய கம்ப்ரஸர இரையுதுன்னு திறந்து ஒரிஜினல் ஐசிய (உள்ள இருக்கற சிப்ப) பிடுங்கி வேற போட்டுட்டு, இன்னும் இரைச்சல் போகலையேன்னு எங்கிட்ட கொண்டு வர்றாங்க. போன மாசம் வந்த 70கள் எம்எக்ஸ்ஆர் கம்பெனியோட டைனா காம்ப் கம்ப்ரஸர் அப்படித்தான்.

கம்ப்ரஸரோட வேலையே பலமா அடிச்சா அமுக்கறது, நோட் தேயத் தேய கெயின, அதாவது சிக்னல பெருக்கற அளவ, ஏத்தறது, அப்ப கிட்டார் பிக்கப்ல இருக்கற இரைச்சலும் கூடவே ஏறத்தான் செய்யும், அது பழுது இல்லங்க. வாங்கறதுக்கு முன்னாடி சென்சிடிவிட்டி நாப முழுசா ஏத்தி கிட்டார்ல ஒரு கார்ட் (chord) அடிச்சுட்டு கைய எடுக்காம கடைசி வரைக்கும் கேளுங்க. இரைச்சல் மெதுவா சீரா ஏறினா நல்ல பெடல். தடிச்ச கம்பில படபடன்னு நடுங்கினா கெயின் ஏறி இறங்கற வேகத்த தீர்மானிக்கற டைமிங் கெப்பாசிட்டர் காய்ஞ்சிருக்கலாம், டைனா காம்ப்ல அது 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், அத மட்டும் மாத்தினா போதும். அடிக்கும்போதெல்லாம் டொக்குன்னு ஒரு சத்தம் வந்தா உள்ள இருக்கற ட்ரிம்பாட்டோட (ஸ்க்ரூடிரைவரால திருப்பற குட்டி கன்ட்ரோல்) அட்ஜஸ்ட்மென்ட் விலகியிருக்கும். நாப் திருப்பும்போது கரகரன்னா வெறும் அழுக்கு.

பாஸ் (Boss) கம்பெனியோட பழைய சிஎஸ்-2 கம்ப்ரஸர் வேற கதை. அது 9 வோல்ட்டுக்கு மேலயே தர்ற பாஸோட பழைய ஏசிஏ அடாப்டருக்குன்னு செஞ்சது, அடாப்டர் வழியா வர்ற வோல்டேஜ உள்ள ஒரு ரெசிஸ்டரும் டயோடும் குறைச்சுத்தான் அனுப்பும், அதனால இப்ப வர்ற 9 வோல்ட் ரெகுலேட்டட் அடாப்டர் போட்டா எல்இடி மங்கி சவுண்டும் சோர்ந்து போயிடும், உடனே பெடல் செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க. புது பேட்டரி போட்டு பாருங்க, அப்ப உண்மை தெரியும். பேட்டரி கசிஞ்சு கிளிப்புல பச்சை பூத்திருக்கான்னும் பாத்துடுங்க.

பெடலோட வருஷம் பாக்க, நாபுக்கு அடில இருக்கற பாட் (pot, பொட்டென்ஷியோமீட்டர்) முதுகுல இருக்கற நம்பர் உதவும். சிடிஎஸ் (CTS) கம்பெனி செஞ்ச பாட்டா இருந்து 1377620ன்னு இருந்தா 1976, 20வது வாரம். அது பாட் செஞ்ச தேதிதான், பெடல் அதுக்கப்பறம் எப்ப வேணா அசெம்பிள் ஆகியிருக்கலாம்.

அந்த டைனா காம்ப்ல இருந்த ஐசி சிஏ3080, இப்ப தயாரிக்கறதே இல்ல, பேர் மட்டும் அச்சடிச்ச போலிகளும் சுத்துது. நல்ல வேளை, பிடுங்கினத அவர் தூக்கிப் போடல, ஒரு கவர்ல போட்டு கொண்டு வந்திருந்தாரு. சாக்கெட் வச்சு அதையே திருப்பி மாட்டி ட்ரிம்பாட்ட சரி பண்ணேன், டொக்கும் இல்ல, இரைச்சலும் அதுக்குரிய அளவுலதான் இருக்கு.