முயல் முடியில் பூத்த பனி

1936 மார்ச். ஜப்பானின் வடகோடியில், ஹொக்கைடோவில் ஒரு பல்கலைக்கழகக் குளிர் அறை. அங்கே ஒற்றை முயல் முடியின் நுனியில் ஆறு கை விரித்து ஒரு பனிப்படிகம் வளர்ந்து நின்றது. வானத்திலிருந்து விழாமல், மனிதர் கையால் உருவான முதல் பனிப்படிகம் அதுதான்.

அதைச் செய்த உகிச்சிரோ நகாயா லண்டனில் எக்ஸ் கதிர் ஆராய்ச்சி செய்தவர். 1930 வாக்கில் ஹொக்கைடோவுக்கு வேலைக்கு வந்தால், அந்த ஆராய்ச்சிக்கான கருவி எதுவும் அங்கே இல்லை. பனிக்கு மட்டும் பஞ்சமே இல்லை. சரி, இதையே பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார். சுமார் 3,000 படங்கள் எடுத்தபிறகு, பனியைத் தானே வளர்த்துப் பார்த்தால்தான் புரியும் என்று தோன்றியது.

ஏற்பாடு எளிமையானதுதான். கண்ணாடிக் குழாயின் அடியில் வெதுவெதுப்பான தண்ணீர், மேலே கடுங்குளிர், நடுவே தொங்கும் ஒரு இழை. ஏறிவரும் ஆவி இழையில் படிந்து படிகமாக வேண்டும். பருத்தி, பட்டு என்று எதைத் தொங்கவிட்டாலும் இழை முழுக்க உறைபனி கம்பளிப்பூச்சிபோல அப்பிக்கொண்டது. முயல் முடியில் மட்டும் இடைவெளிவிட்டுச் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு. படிகம் அந்த முடிச்சுகளில் மட்டும் தனித்தனியாக முளைத்தது.

பனிப்படிகத்துக்கு ஏன் எப்போதும் ஆறு கை? 1611இலேயே வானியலாளர் கெப்ளர் இதைக் கேட்டு ஒரு சிறு நூல் எழுதினார். அணு, மூலக்கூறு பற்றி யாருக்கும் எதுவும் தெரியாத காலம். ஆனாலும் உருண்டைகளை நெருக்கி அடுக்கிப் பார்த்தால் விடை கிடைக்குமோ என்று யோசித்தார். பிரமாதமான ஊகம்! பனிக்கட்டியில் தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோணமாகத்தான் அமைந்திருக்கின்றன. அதனால் படிகம் முதலில் ஒரு குட்டி அறுகோணத் தட்டாகப் பிறக்கிறது. அதன் ஆறு மூலைகளும் ஈரக்காற்றுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பதால், ஆவி முதலில் அங்கேதான் ஒட்டும். நீண்ட மூலைக்கு இன்னும் அதிக ஆவி கிடைக்கும், அது இன்னும் நீளும். கை முளைத்தாயிற்று. ஆறு கைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. ஒரே காற்றில் ஒன்றாகப் பயணிப்பதால் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கின்றன, அவ்வளவுதான்.

வெப்பநிலையை மாற்றி மாற்றி வளர்த்தபோதுதான் வேடிக்கை தெரிந்தது. மைனஸ் 2 டிகிரியில் தட்டு. மைனஸ் 5இல் ஊசியும் தூணும். மைனஸ் 15இல், ஈரமும் தாராளமாக இருந்தால், வாழ்த்து அட்டைகளில் வரும் அந்த நட்சத்திரம். தட்டு ஏன் தூணாகி மறுபடி தட்டாகிறது என்பதை இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885 முதல் 5,000க்கும் மேற்பட்ட படிகங்களைப் படமெடுத்திருந்தார். மூச்சுக்காற்று பட்டாலே உருகிவிடும் பொருளை இத்தனை காலம் துரத்தியிருக்கிறார்! ஆனால் அவர் பெரும்பாலும் அழகானதாகப் பார்த்துப் பொறுக்கினார். நகாயா கோணலையும் விடவில்லை. அப்படிக் கண்ணில் படும் ஒரு வகை, தூணின் இரு முனையிலும் தட்டு ஒட்டிய படிகம். மாட்டுவண்டி அச்சில் இரண்டு சக்கரம் கோத்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்: மைனஸ் 5 டிகிரிக்கு அருகில் பிறந்து, பிறகு இன்னும் குளிர்ந்த காற்றுக்குள் போய் வந்திருக்கிறது.