அழுகைச் சத்தமும் ஒரு குங்குமப் பொட்டும்

செல்லூர்ல டீக்கடையில நிக்கிறப்ப ஒரு வாத்தியார் தம்பி புடிச்சுக்கிட்டாரு. "அண்ணே, அடுத்தவன் வலியப் பாத்து மனசு எளகுறது பொறவிக் கொணமா, சொல்லிக் குடுத்தா வருமா? எங்கிளாஸ்ல ஒரு பய, கூட படிக்கிறவன் கீழ விழுந்தா சிரிக்கிறான்." நம்மூர்ல ரெண்டுக்கும் பழமொழி ரெடி, பிறவிக் குணம் பொங்கல் வச்சாலும் போகாதும்பாங்க, அதே வாயால ஐந்தில் வளையாததும்பாங்க.

பொறவிப் பங்கு கொஞ்சம் உண்டு. ஒரு கைக்குழந்தை அழுதா பக்கத்துப் பிள்ளையும் அழும்ல, எங்க அப்பத்தா கண்ணு பட்ருச்சுன்னு உப்பு மொளகா சுத்தப் போயிரும். 1982ல வந்த ஒரு ஆய்வுல பொறந்து ஒரு நாள் ஆன பிள்ளைகளுக்கு அழுகைய ரெக்கார்ட் பண்ணிப் போட்டுக் காட்டுனாங்க, வேற பிள்ளையோட அழுகைன்னா இதுவும் அழுதுச்சு, தன்னோட அழுகையவே போட்டா பெருசா கண்டுக்கல! மொளகா மிச்சம்.

ஆனா அது இரக்கம் இல்லைங்க, கொட்டாவி மாதிரி ஒட்டுவாரொட்டி. வலி அவனுக்கா எனக்கான்னே அந்த வயசுல பிரியாது. அது எப்பப் பிரியுதுங்கிறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச எடம். பிள்ளைக்குத் தெரியாம மூக்குல செவப்புப் பொட்டு வச்சு கண்ணாடி முன்னாடி விடணும், 1972ல ப்யூலா ஆம்ஸ்டர்டாம்ங்கிறவங்க செஞ்ச சோதனை. எங்கக்கா மகன்ட்ட நானும் செஞ்சு பாத்தேன். கன்னத்துல தெனம் திருஷ்டிப் பொட்டு இருக்கிறதால அது பழகிப்போச்சு, அதனால மூக்குல குங்குமம். பதினாலு மாசத்துல கண்ணாடிக்குப் பின்னாடி போயி அந்தப் பயலத் தேடுனான். ஒண்ணே முக்கா வயசுல தன் மூக்கத் தொட்டான், விரலப் பாத்தான், என்னைய மொறச்சான். அதே வாரம் நான் அழுகுற மாதிரி நடிச்சப்ப பாதி கடிச்ச முறுக்கக் கொண்டாந்து வாயில திணிச்சான். தற்செயல் இல்ல, டோரிஸ் பிஷோஃப்-கோலர்ங்கிறவங்க பண்ணுன ஆய்வுலயும் கூட வெளயாடுறவங்களோட பொம்மை ஒடைஞ்சு அழுதப்ப உதவப் போனது கண்ணாடியில தன்னை அடையாளம் கண்ட பிள்ளைகதான், மத்ததுக முழிச்சுச்சு, இல்ல கலங்கிப்போச்சு. "நான்"னு ஒண்ணு தெரிஞ்சாத்தான் "அவன்"னு ஒண்ணு தெரியும்.

ஜீன் கணக்கு சுருக்கமா: 46,000 பேருக்கு மேல பாத்த 2018 ஆய்வுல, அடுத்தவனுக்காக மனசு எளகுறதுல ஆளுக்காள் இருக்கிற வித்தியாசத்துல பத்துல ஒரு பங்குதான் மரபணுவால.

அப்ப கத்துக்கிறது? நிகரகுவாவுல காது கேக்காத பிள்ளைக 1970கள் கடைசியில பள்ளிக்கூடத்துல ஒண்ணு சேந்து தாங்களாவே ஒரு சைகை மொழிய உண்டாக்குனாங்க. மொத செட்டுக்கு "நினைக்கிறான்", "தெரியும்"ங்கிறதுக்கெல்லாம் சைகை ரொம்பக் கம்மி. 2009ல வந்த ஆய்வுப்படி பெரியாளா வளந்த பெறகும் அடுத்தவன் தப்பா நெனச்சுக்கிட்டிருக்கான்னு அவங்களால சரியாப் புடிக்க முடியல, பின்னாடி வந்து சேந்த செட்டு சின்னவங்க புடிச்சாங்க. அப்புறம் சின்னவங்ககூடப் பழகி அந்தச் சைகைகளக் கத்துக்கிட்டதும் பெரியவங்களுக்கும் வந்துருச்சு, இருபத்தஞ்சு வயசு தாண்டியும்! இத வச்சுப் பாத்தா பிள்ளைக மூளையத் தூண்டி விடுறோம், மிட்பிரெயின் ஆக்டிவேஷன்னு சொல்லி கண்ணக் கட்டி காசு புடுங்குறவங்கட்ட கொட்டுற பணத்துல ஒவ்வொரு ஊர்லயும் ஒரு சைகை மொழி டீச்சர போட்டுறலாம், எனக்கு அதுல தாங்க முடியாத எரிச்சல்.

வாத்தியாருட்ட, அந்தப் பயட்ட "விழுந்தவன் இப்ப என்ன நெனச்சிருப்பான்"னு கேட்டுப் பாருங்கன்னேன். டீ கிளாஸக் கீழ வச்சிட்டு, "அவன் ஏன் சிரிச்சான்னே நான் கேக்கலண்ணே, வஞ்சு விட்டுட்டேன்"னாரு.