கஞ்சாவை விட்ட மூன்றாம் நாள்

"டாக்டர், அது இருந்தாத்தான் நான் மனுஷனா இருக்கேன்."

மனச்சோர்வுக்குச் சிகிச்சை தேடி வரும் இளைஞர்களிடம் கஞ்சாவைப் பற்றிக் கேட்டால், பலர் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. புகைத்த சில நிமிடங்களில் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்குவதை அவர்கள் உணர்கிறார்கள். அந்தப் பாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கவலை.

நம் மூளையே கஞ்சாவைப் போல வேலை செய்யும் ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992இல் அதைக் கண்டறிந்தவர்கள் 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே அதற்கு அனந்தமைடு என்று பெயரிட்டார்கள். பயம், நினைவு, பசி ஆகியவற்றைக் கவனிக்கும் மூளைப் பகுதிகளில் சிபி1 என்ற ஏற்பிகள், அதாவது இத்தகைய பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் செல்லின் பூட்டுகள், நிறைய உண்டு. அனந்தமைடு தேவையான இடத்தில் கொஞ்சமாகச் சுரந்து, அந்த ஏற்பியைத் தொட்டுவிட்டு விரைவில் சிதைந்துபோகும். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சியும் அதே ஏற்பியில்தான் போய் உட்காருகிறது. ஆனால் மூளை முழுக்க ஒரே நேரத்தில், மணிக்கணக்கில்.

மனநிலைக்கு இந்த ஏற்பி எவ்வளவு முக்கியம் என்பதை ரிமோனபன்ட் என்ற மாத்திரை காட்டிக்கொடுத்தது. உடல் எடையைக் குறைப்பதற்காக சிபி1 ஏற்பியை அடைக்கும் மருந்து அது. 2006இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. எடை குறைந்தது. கூடவே சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

தினமும் புகைப்பவர் மூளையில் என்ன நடக்கிறது? ஓயாமல் தட்டப்படும் ஏற்பிகளை மூளை குறைத்துக்கொள்கிறது. பழைய அளவு போதாமல் போகிறது. புகைக்காத நேரத்தில் எரிச்சல், பதற்றம், எதிலும் பிடிப்பில்லாத சோர்வு. மாலையில் மறுபடி புகைத்ததும் அது விலகுகிறது. தன் மனச்சோர்வுக்குக் கஞ்சாதான் மருந்து என்று அவர் நம்புகிறார். அந்த மாலை நேர நிம்மதியில் பெரும்பங்கு, முந்தைய புகை விட்டுச்சென்ற கடனை அடைப்பதுதான்.

என்னிடம் வந்த ஒருவர் மூன்று முறை விட்டுப் பார்த்தவர். மூன்று முறையும் மூன்றாம் நாளே திரும்பிப்போனவர். "விட்டா என் உண்மையான டிப்ரஷன் வெளிய வந்துடுது" என்றார். விட்டவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தூக்கமின்மை, பசியின்மை, கெட்ட கனவு, சோகம் எல்லாம் உச்சத்துக்குப் போகும் என்பதை அதுவரை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு மூன்று வாரங்களில் அது தணியும். குறைந்துபோன ஏற்பிகள் ஏறக்குறைய நான்கு வாரங்களில் பழைய நிலையை நெருங்குவதை மூளைப் படங்களிலேயே பார்த்திருக்கிறார்கள்.

பதின்வயதினர் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. 11 நீண்டகால ஆய்வுகளை, 23,000க்கும் மேற்பட்டோரின் தகவல்களை, ஒன்றுசேர்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், 18 வயதுக்குள் கஞ்சா புகைத்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம் கூடுதலாக இருந்தது. தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். கஞ்சாதான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் வளரும் மூளையை வைத்துச் சோதித்துப் பார்க்க எந்தப் பெற்றோர் துணிவார்?

கஞ்சாச் செடியில் உள்ள இன்னொரு பொருளான சிபிடியின் எண்ணெய் பற்றியும் கேட்கிறார்கள். சிபிடி போதை தராது. சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு 2018இல் அமெரிக்காவில் அது மருந்தாகவே அனுமதிக்கப்பட்டது. மனச்சோர்வுக்கு அந்த அனுமதி இல்லை, போதுமான ஆதாரமும் இல்லை. எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும் என்பதால், சிபிடி சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நாங்கள் திட்ட மாட்டோம். விடும் நாட்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம், அன்றே வாருங்கள்.

அந்த இளைஞர் நான்காவது முறை விட்டபோது, மூன்றாம் நாளை எதிர்பார்த்தே விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் அண்ணன் உடன் தங்கினார். நான்காம் வாரம் வந்து, "காலையில பசிக்குது டாக்டர்" என்றார். சோகத்தில் பாதி போயிருந்தது. மீதிப் பாதிக்குத்தான் அன்று சிகிச்சையைத் தொடங்கினோம்.