சாட்பாட் சொன்னால் புரிகிறது, பரீட்சையில் ஏன் வருவதில்லை?

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு. ராத்திரி பதினொரு மணிவரை போனில் சாட்பாட்டோடுதான் படிப்பாம். “என்ன கேட்டாலும் அலுக்காமச் சொல்லித் தருது, எல்லாம் புரியுதும்மா என்கிறாள். மாடல் எக்ஸாமில் பார்த்தால் பாதிக் கேள்வி காலி. படிச்சதுதான், ஆனா அந்த நேரத்துக்கு வரல என்கிறாள். போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?”

பிடுங்க வேண்டாம். கேள்வி கேட்பவர் யார், பதில் சொல்பவர் யார் என்பதை மட்டும் திருப்பிப் போட்டால் போதும். இப்போது மகள் கேட்கிறாள், சாட்பாட் சொல்கிறது. சாட்பாட் கேட்க வேண்டும், மகள் சொல்ல வேண்டும்.

சாட்பாட் இயங்கும் விதம் பலருக்கும் தெரிந்த கதைதான். ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழகிய இயந்திரம் அது. அதிகம் பேசப்படாத ஒரு கட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு விடைகளை ஆட்களிடம் காட்டி, எது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்பார்கள். பிடித்தது என்று சொன்ன பக்கமாக இயந்திரத்தை மெல்லத் திருத்துவார்கள். அது பேசுவதெல்லாம் வழுக்கிக்கொண்டு போவதற்கும், சாதாரணக் கேள்விக்குக்கூட “அருமையான கேள்வி!” என்று ஆரம்பிப்பதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. நமக்குப் பிடித்த மாதிரி இருப்பதுதான் அதற்குக் கொடுத்த பயிற்சி.

படிக்கிற பிள்ளைக்கு இதுதான் வினை. தடங்கல் இல்லாமல் ஓடும் விளக்கத்தை வாசிக்கும்போது, ‘இது எனக்குத் தெரியும்’ என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. மாமா ஓட்டும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்குள் பத்துத் தடவை போயிருந்தாலும், ஒருநாள் தனியாக வண்டி எடுத்தால்தான் எந்தத் திருப்பத்தில் திரும்புவது என்று தெரியாமல் நிற்போம். பாதை கண்ணுக்குப் பழகியிருக்கும், ஆனால் அதை நாமாக ஒரு தடவைகூடத் தேடி எடுத்திருக்க மாட்டோம்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் மாணவர்களுக்குச் சின்னக் கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றி, இன்னொன்று கடல் நீர்நாய்களைப் பற்றி. ஒரு வகையில் கட்டுரையை இரண்டு முறை படிக்க வேண்டும். மற்ற வகையில் ஒரு முறை படித்துவிட்டு, கட்டுரையை மூடி, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் இரண்டு முறை படித்ததற்குத்தான் வெற்றி: 81 சதவீதம், எதிரே 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு தலைகீழ். இரண்டு முறை படித்தது 42க்கு இறங்கியது. மூடிவைத்து எழுதியது 56இல் நின்றது. எழுதியவர்களுக்கு யாரும் சரி, தப்பு சொல்லவில்லை. பாடத்தை மறுபடி காட்டவும் இல்லை. சொந்த முயற்சியில் எடுத்துப் பார்த்ததற்கே அந்தப் பலன்.

அந்த ஐந்து நிமிடக் கணக்குதான் ஆளை ஏமாற்றுகிறது. ராத்திரி படித்து முடித்த கையோடு பார்த்தால் எல்லாம் வந்த மாதிரிதான் இருக்கும்.

ஏன் இப்படி? மூளையின் இரண்டு பக்கமும், காதுக்கு நேர் உள்ளே, ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. 1953இல் வலிப்பு நோய்க்கான அறுவையில் அதில் கணிசமான பகுதியை இரண்டு பக்கமும் இழந்த ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர், 2008இல் இறக்கும்வரை, புதிதாகச் சந்தித்த யாரையும் நடந்த எதையும் நினைவில் நிறுத்த முடியாமல் வாழ்ந்தார். அந்த ஹிப்போகாம்பஸுக்குள் ஒரு சிறு வட்டாரத்துக்கு சி.ஏ.3 என்று பெயர். அங்கே இருக்கும் நரம்புச் செல்கள் வெளியே செய்தி அனுப்புவதோடு நிற்பதில்லை. தங்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று ஏகப்பட்ட இணைப்புகள் போட்டு வைத்திருக்கின்றன.

ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கம்பிச்சுருள், காந்தம், உள்ளே தள்ளும் கை, மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரில் முள் துடிப்பது, வெளியே இழுத்தால் முள் எதிர்ப்பக்கம் சாய்வது. இதைக் கற்கும்போது ஒரு கூட்டம் செல்கள் சேர்ந்தாற்போல் கிளர்கின்றன. சேர்ந்து கிளர்ந்த செல்களுக்கு இடையே இணைப்பு பலப்படுகிறது. அப்புறம் ஒருநாள் அந்தக் கூட்டத்தில் நாலைந்து பேர் மட்டும் எழுந்தால் போதும், பலப்பட்ட இணைப்புகள் வழியாக மற்றவர்களும் எழுப்பப்பட்டு முழுக் காட்சியும் வந்துவிடும். ‘சுருளுக்குள் காந்தத்தைத் தள்ளினால்…’ என்ற அரை வாக்கியம் மீதியை இழுத்துக்கொண்டு வருவது இப்படித்தான்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 1971இல் கணக்குப் போட்டு எழுதியவர் கேம்பிரிட்ஜில் இருந்த டேவிட் மார். அப்போது அவருக்கு வயது 26. எந்த எலியையும் தொடவில்லை. செல்களின் இணைப்பு அமைப்பைப் பார்த்து, இதை வைத்து என்ன செய்ய முடியும் என்று கணிதத்தால் யோசித்தார். 35 வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார்.

சோதித்துக் காட்டியது 2002இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், சுசுமு டொனெகாவாவின் ஆய்வகம். கஸு நகாசாவா முன்னின்று செய்த அந்தச் சோதனையை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. சுண்டெலிகளில், சி.ஏ.3 வட்டாரத்தில் மட்டும், இணைப்புகளைப் பலப்படுத்த உதவும் ஒரு ஏற்பியை (செல்லின் மேலிருந்து செய்தியை வாங்கும் புரதம்) மரபணு மாற்றத்தால் இல்லாமல் செய்தார்கள். அப்புறம் எலியை ஒரு தொட்டியில் நீந்தவிட்டார்கள். தண்ணீர் கலங்கலாக இருக்கும். அதற்கடியில், கண்ணுக்குத் தெரியாமல், ஏறி நிற்க ஒரு சின்ன மேடை. தொட்டியைச் சுற்றி நாலு அடையாளங்கள். அவற்றைப் பார்த்துத்தான் எலி மேடை எங்கே என்று பழக வேண்டும்.

மாற்றப்பட்ட எலிகள் பழகிவிட்டன. மற்ற எலிகளுக்குச் சமமாகவே பழகின. நாலு அடையாளமும் இருக்கும்வரை குறை எதுவும் தெரியவில்லை. மூன்றை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டார்கள். சாதாரண எலிகள் அந்த ஒன்றை வைத்தே மேடை இருக்கும் இடத்துக்குப் போய்விட்டன. மாற்றப்பட்டவை அங்கும் இங்கும் நீந்தின. நினைவு பதிந்துதான் இருந்தது. துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு முழுசையும் எழுப்புவது மட்டும் முடியவில்லை.

எலித் தொட்டியிலிருந்து பரீட்சை ஹாலுக்கு நேராகக் கோடு போட முடியாது. ஆனாலும் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. சாட்பாட் திரை திறந்திருக்கும்போது நாலு அடையாளமும் எதிரே நிற்கின்றன. வினாத்தாளில் இருப்பது ஒன்றுதான். மீதியை எழுப்பும் வேலையைப் பிள்ளை ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை என்றால், பிள்ளையின் மூளை எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்? எழுப்பும் ஒவ்வொரு தடவையும் அதே செல்கள் மறுபடி சேர்ந்து கிளர்கின்றன. அடுத்த தடவை எழுப்புவது லேசாகிறது. விளக்கம் முழுசாக வெளியிலிருந்தே வந்துவிட்டால் இந்த வேலைக்கு இடமே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. மாரின் கணக்கு ஆய்வகத்தில் இப்படி நிரூபணமாக முப்பது வருடம் ஆனது. 1971இல் “இதனால் என்ன லாபம்?” என்று யாராவது கேட்டிருந்தால் அவரிடம் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. ஆராய்ச்சிக்கு நம் நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் என்று அரசுக் கணக்கே சொல்கிறது. அதிலும் மூன்று வருடத்தில் பலன் காட்டு என்று நெருக்குவோம். ஆனால் ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’ என்று போஸ்டர் ஒட்டி, குழந்தையின் கண்ணைக் கட்டிப் புத்தகம் படிக்க வைக்கிறோம் என்பவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம். மூக்கோரத்தில் துணிக்குக் கீழே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் குழந்தை படிக்கிறது. புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் போதும், வித்தை முடிந்தது.

சரி, சாட்பாட்டுக்கு வருவோம். துருக்கியில் ஆயிரத்தை நெருங்கும் பள்ளி மாணவர்களை வைத்துக் கணிதத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2025இல் முறைப்படி வெளியானது. சாதாரண சாட்பாட்டைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் மற்றவர்களைவிட 48 சதவீதம் மேலே போனார்கள். விடையை நேராகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் சொல்லி அமைத்த சாட்பாட்டைப் பயன்படுத்தியவர்கள் 127 சதவீதம் மேலே. பரீட்சையில் அதை எடுத்துவிட்டார்கள். முதல் கூட்டம், சாட்பாட்டே பார்க்காமல் வெறும் புத்தகமும் நோட்டும் வைத்துப் படித்தவர்களைவிட 17 சதவீதம் கீழே போனது. இரண்டாவது கூட்டம் அவர்களுக்கு ஏறக்குறையச் சமமாக நின்றது. அதாவது, சரியாக அமைத்த சாட்பாட்கூட அந்தச் சோதனையில் கெடுதல் செய்யவில்லை, அவ்வளவுதான். மந்திரம் எதுவும் நடக்கவில்லை. விளம்பரம் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் இதை எப்படிச் செய்வது? மகள் முதலில் பாடநூலைப் படிக்கட்டும். கேரள எஸ்.சி.ஈ.ஆர்.டி. தமிழ் மீடியத்துக்குத் தனியாகவே நூல் போடுகிறது; அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து சாட்பாட்டுக்குக் கொடுக்கட்டும். இது முக்கியம். இயந்திரம் படித்ததில் தமிழின் பங்கு சொற்பம். தானாகச் சொல்லவிட்டால் பாடத்தில் இல்லாத சொல்லையும், சில நேரம் தப்பையும், அதே தெளிவான குரலில் சொல்லும். அப்புறம் இப்படித் தட்டச்சு செய்யலாம்: “இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் கேள்வி கேள். ஒரு தடவைக்கு ஒன்றுதான். நான் பதில் சொல்லும்வரை விடையைச் சொல்லாதே. தப்பாகச் சொன்னால் முதலில் ஒரு குறிப்பு மட்டும் கொடு. பாராட்டு வேண்டாம்.”

கேள்வி வருகிறது: காந்தத்தைச் சுருளுக்குள் அசையாமல் வைத்திருந்தால் முள் எங்கே நிற்கும்? மகள் யோசித்து, “கொஞ்சமாக விலகி நிற்கும்” என்கிறாள். சாட்பாட் கேட்கிறது: சுருளைக் கடக்கும் காந்தப்பாயம் (காந்தப்புலத்தின் அளவு) இப்போது மாறுகிறதா? இல்லை… அப்படியானால் முள் பூஜ்யத்தில்தான். அந்த ‘அட!’ இருக்கிறதே, அது வீண் போவதில்லை. நிச்சயம் சரி என்று நம்பிச் சொல்லித் தப்பாகப் போன விடையைத் திருத்தினால், அரைமனதாகச் சொன்ன தப்பைவிட அது நன்றாக நிலைக்கிறது என்று 2001இலேயே ஜேனட் மெட்காஃப் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முன்னால் தப்பாகச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைக்கு சாட்பாட்டின் உண்மையான வசதி இதுதான்: எத்தனை தடவை தப்பாகச் சொன்னாலும் அது முகம் சுளிக்காது.

தப்பான கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். சாட்பாட்டின் ஞாபகத்தை நம்ப வேண்டாம். அதே கேள்விகளை மறுநாள், நாலு நாள் விட்டு, ஒரு வாரம் விட்டு மறுபடி கேட்கச் சொன்னால் போதும். இடைவெளி விட்டுப் படிப்பதன் பலனை ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைப் பொருளாக வைத்து 1885இல் எழுதிவிட்டார்.

நம் எல்லைப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் கடையிலும் மலையாளம், போனில் பாதி இங்கிலீஷ். ஸ்பானிஷும் இங்கிலீஷும் தெரிந்தவர்களிடம் வியோரிகா மரியனும் கெய்ட்லின் ஃபாசியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாட விஷயங்களை எந்த மொழியில் கற்றார்களோ அதே மொழியில் கேட்டபோது, வேறு மொழியில் கேட்டதைவிட, இருமொழியிலும் நன்கு தேர்ந்தவர்கள் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். கேட்கும் மொழியும் ஓர் அடையாளம்தான். வினாத்தாள் தமிழில் வரும் என்றால் சாட்பாட் தமிழில் கேட்கட்டும். மகள் தமிழில், முழு வாக்கியமாக, பேனாவால் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். புரியாத இடத்தை மலையாளத்தில் விளக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. பதில் மட்டும் தமிழில் வர வேண்டும்.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் முதல் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம். எழுதக் கூடாது, வினாத்தாளைப் படிக்கலாம். பிள்ளைகள் பலர் இதில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டிலேயே பழக்கிப் பாருங்கள். சாட்பாட்டிடம் ஒரு முழு வினாத்தாள் வாங்கி, நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, போனை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் அவள் பேனாவைத் தொடாமல் ஒவ்வொரு கேள்விக்கும் மனதுக்குள் விடையை எழுப்பிப் பார்க்கட்டும். எழுதத் தொடங்கியதும், விடை வராத கேள்விகளின் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். அன்றைக்குப் படிக்க வேண்டியது புள்ளி வைத்தவை மட்டும்தான்.