கோயிலுக்குள் விடவில்லையா? சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள்

திருவொற்றியூர் வடிவுடையம்மன் சன்னிதியில் வரிசையில் நிற்பவரிடம் யாரும் சாதி கேட்பதில்லை. வடசென்னையில் சிக்கல் தெருக் கோயில்களில்தான் வருகிறது. ஆடியில் கூழ் ஊற்றும்போது வரும், தீமிதிக்குக் காப்புக் கட்டும்போது வரும், சாமி ஊர்வலம் புறப்படும்போது வரும். "உங்க பக்கம் வரி வாங்குறதில்ல", "நீங்க வெளியில நில்லுங்க, தீபாராதனை அங்கேயே வரும்", "இது எங்க பங்காளிங்க கோயில்" என்பார்கள். சாதிப் பெயரை வாயில் எடுக்காமலேயே ஒரு குடும்பத்தை வாசலில் நிறுத்த இந்த மூன்று வாக்கியம் போதும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்து யாராக இருந்தாலும், எந்தச் சாதியாக இருந்தாலும், எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் போய்க் கும்பிடலாம் என்கிறது 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம். தடுத்தவரைத் தண்டிக்க இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. கோயில் நுழைவைத் தடுப்பதும் ஊர்வலத்தில் சேர்க்காமல் தடுப்பதும் 2015 திருத்தத்தில் இதற்குள் தெளிவாகச் சேர்க்கப்பட்டன. பிரிவு 3(1)(இசட் ஏ). இரண்டு சட்டத்திலும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். மற்ற பக்தர்கள் எதுவரை போகிறார்களோ அதுவரை உங்களுக்கும் உரிமை உண்டு. அர்ச்சகர் மட்டுமே போகும் கருவறையைப் பற்றிய பேச்சு இல்லை இது.

முதல் தட்டிக்கழிப்பு, "அது தனியார் கோயில்" என்பது. ஸ்டேஷனில் அறநிலையத்துறைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே "எங்கள் பட்டியலில் இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். இப்படி அலைந்து வெறுத்துப்போய் விட்டுவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். 1955 சட்டத்தின் விளக்கப் பிரிவைப் படித்தால் இந்தச் சாக்கு நிற்காது. தனியாருக்குச் சொந்தமான கோயிலானாலும், உரிமையாளர் அதைப் பொது வழிபாட்டுக்கு விட்டிருந்தால் அது பொது வழிபாட்டு இடம்தான். தெரு முழுக்க வந்து கும்பிடுகிறது, துண்டுப் பிரசுரம் அடித்து ஊரை அழைக்கிறார்கள் என்றால் தனியார் கோயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. கோயில் புறம்போக்கில் நிற்கிறது, பட்டா இல்லை என்பதும் உங்கள் வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அந்தத் திருவிழா நோட்டீஸை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். 1989 சட்டம் வேண்டும் என்றால் பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருக்க வேண்டும், தடுத்தவர் அப்படி இருக்கக் கூடாது. வடசென்னையில் பலர் சறுக்குவது இங்கேதான். ஒரே வீட்டில் அண்ணன் சர்ச்சுக்குப் போவார், தம்பி அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடருக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும். விவரம் தெரிந்தவர் என்று அண்ணனை முன்னால் நிறுத்திப் புகார் கொடுத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். பட்டியல் சாதிச் சான்றிதழ் கையில் இருப்பவர், தானே வாசலில் தடுக்கப்பட்டவர், அவர் பெயரில் புகார் போகட்டும். சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள். ஆனால் அது வரும்வரை காத்திருக்காதீர்கள். "சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பது நாளைக் கடத்தும் வேலை. முதலில் வழக்கைப் பதிந்துவிட்டுத் தாசில்தாரிடம் சரிபார்த்துக்கொள்ள போலீசாலேயே முடியும். தடுத்தவரும் பட்டியல் சாதி என்றால் 1955 சட்டத்தைக் கேளுங்கள்.

இனி ஸ்டேஷன்.

"எங்களைக் கோயிலுக்குள் விடவில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்ட புகார்களைப் பார்த்திருக்கிறேன். அது முன்விரோதம் என்றோ குடிபோதைத் தகராறு என்றோ மாறிவிடும். எந்தக் கோயில், எந்தத் தெரு, எந்தத் தேதி, எத்தனை மணி, யார் தடுத்தது, என்ன வார்த்தை சொன்னார் என்று எழுதுங்கள். கொச்சையாக இருந்தாலும் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். பொதுமக்கள் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியது தனிக் குற்றம். ஆகவே அப்போது பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதும் வர வேண்டும். உங்கள் சாதி, தடுத்தவர் சாதி, ஒரே பகுதியில் வாழ்வதால் உங்கள் சாதி அவருக்குத் தெரியும் என்பது, இவை ஒவ்வொன்றும் ஒரு வரியாக இருக்கட்டும். பெரும்பாலோர் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு: உங்களை நிறுத்திய அதே நேரத்தில் உள்ளே போனவர்கள் யார்? நேரம் முடிந்துவிட்டது, தீட்டு, கூட்டம் அதிகம் என்ற எல்லாச் சாக்குக்கும் அந்த ஒரு வரிதான் பதில். பட்டியல் சாதியினரைத் தடுத்தால் அதைத் தீண்டாமை என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டுவது எதிர்த்தரப்பின் பாடு என்று 1955 சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு சட்டத்தின் பெயரையும் புகாரில் எழுதிவிடுங்கள்.

புகாரைக் கொடுத்ததும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். கேஸ் ஆகிவிட்டது என்று நம்பி ஜனங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது சமூகப் பணிப் பதிவேட்டில் உங்கள் மனு ஏறியதற்கான சீட்டு, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

"முதலில் விசாரிக்கணும், 14 நாள் ஆகும்" என்பார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இருப்பது உண்மைதான். ஆனால் வன்கொடுமைச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். "ஏ.சி. வரணும்" என்று உட்கார வைப்பதும் நடக்கும். உதவி ஆணையர் செய்ய வேண்டியது புலன்விசாரணை. வழக்குப் பதிய ஸ்டேஷனே போதும். எண்ணூர், மணலி பக்கம் இன்னொரு குழப்பம்: கலெக்டர் அலுவலகம் சென்னை, போலீஸ் ஆணையரகம் ஆவடி. "எங்க லிமிட் இல்ல" என்றால், எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்து அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் நடப்பதைப் பார்க்கும்போதுதான். இரு தரப்பையும் உட்காரவைத்து, "இந்த வருஷம் விட்டுக்கொடுங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கூழ் ஊற்றி முடிந்ததும் புகாரும் முடிந்துவிடுகிறது. அந்தத் தாள் பிறகு உங்களுக்கு எதிராகவே கோர்ட்டில் வரும். பேசக் கூப்பிட்டால் போங்கள், ஆனால் எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு போங்கள், "புகாரைத் திரும்பப் பெறுகிறேன்" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலை 2023 ஜூனில் பூட்டி சீல் வைத்தார்கள். தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆனது. அதிகாரிகள் அமைதி என்று சொல்வது பல நேரம் இதைத்தான்.

திங்கட்கிழமை ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், முதல்வர் தனிப்பிரிவுக்கும் போடலாம். ஆனால் அந்த மனு சுற்றிச் சுற்றி நீங்கள் முதலில் போன அதே ஸ்டேஷனுக்குத்தான் வந்து சேரும். "விசாரித்து முடிக்கப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். ஸ்டேஷனில் மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் துணை ஆணையருக்கு அனுப்பி, ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. தபால் ரசீது இல்லாமல் போனால் அங்கே திருப்பி அனுப்புவார்கள். வேண்டுமென்றே கடமையைச் செய்யாத, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று 1989 சட்டத்தின் 4ஆம் பிரிவில் இருக்கிறது. துணை ஆணையருக்கான கடிதத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் பதில் சீக்கிரம் வருகிறது. 2025 ஜூலையில் அரியலூர் மாவட்டம் புதுக்குடி அய்யனார் கோயில் வழக்கில், சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவின் நகலையும் இணையுங்கள்.

செல்போனில் எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழித்துவிடாதீர்கள். கோர்ட்டுக்கு முதலில் பதிவான கோப்பு வேண்டும், அந்த போனும் வேண்டும். 1989 சட்டப்படி பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத் தொகை தவணையாக வரும், தீர்ப்புவரை காத்திருக்கத் தேவையில்லை. ஸ்டேஷன் எழுத்தரோ தரகரோ "வாங்கித் தருகிறேன்" என்று பங்கு கேட்டால் கொடுக்காதீர்கள். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வன்கொடுமைப் புகாருக்கான தேசிய உதவி எண் 14566, கட்டணமில்லை. அதில் புகாரைச் சொன்னால் ஒரு பதிவு எண் தருவார்கள். துணை ஆணையருக்கு எழுதும் கடிதத்தில் அதையும் சேர்த்துவிடுங்கள்.